தூக்கிச் சுற்றிய காலமும் அழுத்தி அளக்கும் காலமும்

கற்பிட்டி, கண்டக்குளி, உடப்பு, சிலாபம் என்று நீளும் இலங்கையின் இந்தக் கரையில், மூழ்கியவரைக் கரை சேர்த்ததும் அந்தக் காலத்தில் என்ன செய்தார்கள் என்று வயதான சம்மாட்டி ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவார்கள். தோளில் போட்டுக்கொண்டு சுற்றுவார்கள். கவிழ்த்த தோணியின் மேல் குப்புறக் கிடத்தி வயிற்றை அமுக்குவார்கள். வாயால் தண்ணீர் வந்தால் எல்லோருக்கும் நம்பிக்கை பிறக்கும். வந்தது பெரும்பாலும் வயிற்றுத் தண்ணீர். அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் கேடு இன்னும் கூடும். நின்றுபோன இதயம் அதனால் துடிக்கப் போவதில்லை. பதறிய மனம் தனக்குத் தெரிந்ததைச் செய்தது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. மேல்நாட்டு முதலுதவிப் புத்தகங்களே 20ஆம் நூற்றாண்டின் பாதிவரை குப்புறக் கிடத்தி முதுகை அமுக்கத்தான் சொல்லிக் கொடுத்தன.

1960இல் அது மாறியது. மார்பைத் திறக்காமல், வெளியிலிருந்து அழுத்தியே இரத்தத்தை ஓட வைக்கலாம் என்று அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸைச் சேர்ந்த கௌவென்ஹோவன், ஜூட், நிக்கர்பொக்கர் மூவரும் எழுதினார்கள். அதே ஆண்டில் நோர்வேயின் விளையாட்டுப் பொம்மைத் தயாரிப்பாளர் லெர்டால், பழகுவதற்கென்று 'ஆன்' என்ற பொம்மையைச் செய்தார். பாரிஸின் சேன் நதியில் மூழ்கி இறந்தவள் என்று சொல்லப்படும் பெயர் தெரியாத ஒரு பெண்ணின் முகம் அதற்கு.

ஆனால் அழுத்தத் தெரிவது வேறு, சரியாக அழுத்துவது வேறு. 2005இல் வெளியான ஓர் ஆய்வுக்காக ஸ்டொக்ஹோம், லண்டன், நோர்வேயின் அகெர்ஷூஸ் ஆகிய இடங்களின் அம்புலன்ஸ் ஊழியர்கள் அழுத்தியதை உணர்கருவி வைத்து அளந்தார்கள். நாடித்துடிப்பு இல்லாத நேரத்தில் கிட்டத்தட்டப் பாதி, அழுத்தமே இல்லாமல் கழிந்திருந்தது. 38 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது என்றிருந்த ஆழம், சராசரியாக 34தான் இருந்தது. இதையே தொழிலாகச் செய்பவர்களின் கணக்கு இது. அழுத்துகிறவருக்கே தன் கை தளர்வது தெரிவதில்லை.

ஒரு பயிற்சியில் இதைக் கண்ணால் பார்த்தேன். வலை இழுத்து உரமேறிய இளைஞர் ஒருவர், அழுத்தத்தை அளந்து திரையில் காட்டும் கருவி பொருத்திய பொம்மையின் மார்பில் கை வைத்தார். இன்றைய அளவான 5 சென்ரிமீற்றரை எளிதாகத் தொட்டார். திரையோ பச்சை காட்டவில்லை. அழுத்திய கையை அவர் முழுதாகத் தளர்த்தவில்லை; மார்பு மேலே எழும்பினால்தானே இதயத்தில் மறுபடி இரத்தம் நிறையும்? அடுத்த சுற்றில் அதைத் திருத்தினார், வேகம் 130ஐத் தாண்டியது. நிமிடத்துக்கு 100 முதல் 120தான் அளவு. கரைவலையில் அம்பா பாடுகிறவர் இழுக்கும் கைகளையெல்லாம் ஒரே தாளத்தில் பிடித்து வைப்பதுபோல, கருவியின் 'டிக், டிக்' அவரை மெல்ல வழிக்குக் கொண்டுவந்தது. இரண்டு நிமிடத்தில் ஆழம் குறையத் தொடங்கியது. “எனக்குக் களைப்பே இல்லையே” என்றார். திரை பொய் சொல்லவில்லை, ஆள் மாறினோம்.

கருவிக்கும் குறை உண்டு. அசைவை மட்டும் அளக்கும் கருவி, மெத்தை அமிழ்வதையும் மார்பின் ஆழமாகக் கணக்கெடுத்துவிடும். 2011இல் வெளியான வட அமெரிக்க ஆய்வு ஒன்றில் கருவியின் உதவியால் அழுத்தம் சீரானது, பிழைத்தவர் தொகை கூடவில்லை. மூழ்கியவருக்கு முதலில் நின்றது மூச்சு என்பதால், வாயோடு வாய் வைத்து ஊதுவதையும் விடக் கூடாது. இருந்தும் பழகும் இடத்தில் இந்தக் கருவிக்கு ஈடில்லை என்றே நினைக்கிறேன். அமெரிக்க இதயச் சங்கம் 2019இலிருந்து பெரியவர்களின் மார்பை அழுத்தக் கற்பிக்கும் தன் வகுப்புகளில் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய 1990 என்ற எண்ணில் அழைக்கும் சுவசெரிய அம்புலன்ஸ் இன்று நாடெங்கும் ஓடுகிறது. அழைப்பு இலவசம். ஆனால் வண்டி மணலைத் தொடும்வரை அழுத்த வேண்டியவர் பக்கத்தில் நிற்கும் மீனவர்தான். அளந்து சொல்லும் பொம்மை மீனவர் சங்கக் கட்டடங்களுக்கு வர வேண்டும். கடல் கொந்தளித்துத் தொழிலுக்குப் போகாத நாட்களில் பழகலாம். பெண்களும் பிள்ளைகளும் சேர்ந்தே பழகலாம்.