கைக்கடிகாரம் காய்ச்சலை முன்கூட்டியே சொல்லுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர் ஒருவர், கூடவே ஒரு ஸ்மார்ட் வாட்ச்சும் வாங்கி வந்தார். "காய்ச்சல் வருமுன் இது சொல்லிவிடுமாமே சார்?" என்று கேட்டார். ஓரளவு உண்மைதான். எந்த அளவுக்கு என்று பார்க்கலாம்.

வாட்ச்சின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பச்சை விளக்கு மின்னும். ரத்தம் பச்சை ஒளியை நன்கு உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் மணிக்கட்டில் ரத்தம் கூடிக் குறைவதால், திரும்பி வரும் ஒளியும் மாறும். இதை எண்ணித்தான் வாட்ச் இதயத்துடிப்பைக் காட்டுகிறது. நமக்கு முக்கியம், ஓய்வாக இருக்கையில் உள்ள துடிப்பு. உடல் கிருமியை எதிர்க்கத் தொடங்கியதும், காய்ச்சல் தெரியும் முன்பே இந்த எண் உயரலாம்.

அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக்கேல் ஸ்னைடர், பல கருவிகளை அணிந்து தன்னையே ஆய்வு செய்பவர். 2015ல் நார்வே செல்லும் விமானத்தில் அவரது துடிப்பு உயர்ந்து, ரத்த ஆக்சிஜன் குறைந்தது. விமானத்தில் ஆக்சிஜன் சற்றுக் குறைவது வழக்கம்தான். ஆனால் இறங்கிய பின்னும் அளவுகள் சரியாகவில்லை. லேசான காய்ச்சலும் வந்தது. இரண்டு வாரம் முன் மாசசூசெட்ஸ் கிராமப் பகுதியில் இருந்தது நினைவுக்கு வர, உண்ணிக் கடியால் வரும் லைம் நோயாக இருக்குமோ என்று டாக்டரிடம் சென்றார். பின்னர் ரத்தப் பரிசோதனை அதை உறுதி செய்தது. கருவி சொன்னது "ஏதோ சரியில்லை" என்பது மட்டுமே. நோயின் பெயரை அது சொல்லவில்லை.

அவரது குழு 2022ல் வெளியிட்ட கொரோனா ஆய்வில், தொற்று ஏற்பட்ட 84 பேரில் 67 பேருக்கு வாட்ச் வழியே எச்சரிக்கை கிடைத்தது. அறிகுறி தெரிந்தவர்களுக்குப் பெரும்பாலும் சுமார் மூன்று நாள் முன்பே மாற்றம் தெரிந்தது. பெரிய விஷயம்தான். ஆனால் 17 பேருக்கு எச்சரிக்கையே இல்லை.

இரண்டையும் நான் அனுபவித்துவிட்டேன். அக்கா மகள் கல்யாணத்துக்கு இரவுப் பஸ்சில் போய் வந்த மறுநாள், வழக்கமாக 64 இருக்கும் துடிப்பு 73 ஆனது. வீட்டில் 80 வயது அம்மா. இரண்டு நாள் மாஸ்க் அணிந்து தனி அறையில் இருந்தேன். ஒன்றும் வரவில்லை, தூக்கமின்மைதான் காரணம். மது, மன அழுத்தம், தடுப்பூசி இவையும் துடிப்பை உயர்த்தும். சில மாதம் கழித்துத் தொண்டை கரகரத்தது. வாட்ச்சில் மாற்றமில்லை. அதை நம்பி அம்மாவுடன் உட்கார்ந்து சாப்பிட்டேன். மூன்றாம் நாள் அம்மாவுக்கும் இருமல். பத்து நாள் சிரமப்பட்டுத்தான் தேறினார். இப்போது தொண்டை கரகரத்தால் வாட்ச்சைப் பார்ப்பதே இல்லை, மாஸ்க்கைத் தேடுகிறேன்.

வாட்ச் வைத்திருப்பவர்கள் ஒன்று செய்யலாம். எக்ஸெல்லில் ஒரு நெடுவரிசையில் தேதியும், அடுத்ததில் ஓய்வுத் துடிப்பும் தினமும் டைப் செய்திடவும். ஒரு மாதம் ஆனதும் ஆவரேஜ் பங்ஷன் மூலம் சராசரி காணவும். அடுத்தவர் எண்ணுடன் ஒப்பிட வேண்டாம். ஒருவருக்கு 58 இயல்பு, மற்றவருக்கு 75. மூன்றாவது நெடுவரிசையில் பயணம், தடுப்பூசி போன்றவற்றைக் குறித்து வையுங்கள். டாக்டரிடம் போனால் இது பயன்படும். வாட்ச்சை இரவில் சார்ஜ் போடாதீர்கள். தூக்கத்தில் எடுக்கும் அளவுதான் நம்பகமானது. குளிக்கப் போகும்போது போட்டுக் கொள்ளலாம்.