அடுக்களைக்கு ஒரு நேர்மையான தராசு

நிறையின் அருமையை ஹந்தானை மலைச்சாரலில் வாழ்வோருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கொழுந்து மடுவத்தில் தராசு காட்டும் எண்ணைக் கொண்டே முழுப்பேரா, அரைப்பேரா என்று தீர்க்கும் வழக்கம் தேயிலைத் தோட்டங்களில் உண்டு. சாக்குக்கும் இலையின் ஈரத்துக்குமாக எத்தனை கிலோ கழிக்கலாம் என்பது மலையகத்தில் தலைமுறை தலைமுறையாக நிலவும் வழக்கு. அங்ஙனம் நிறுவையின் அருமை அறிந்த நாம், அடுக்களைக்கு வாங்கும் இலத்திரனியல் தராசைச் சோதியாமல் நம்பலாமா?

அரிசிக்கும் பருப்புக்கும் நம் பாட்டிமாரின் சுண்டும் கொத்தும் போதுமானவை. கோதுமை மாவோ அப்படியன்று. தளர்வாக இட்ட கோப்பையிலும் அழுத்தி நிரப்பிய கோப்பையிலும் அதன் நிறை வேறுபடும். கேக் ஒருநாள் பொங்கி மறுநாள் அமுங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். மேலும், ஓர் இறாத்தல் பாண் 450 கிராம் நிறை கொண்டிருக்க வேண்டும் என நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை 2024ஆம் ஆண்டு விதித்தது. வாங்கிய பாணை நிறுத்துப் பார்ப்பது நம் உரிமையே. ஆனால் நமது தராசு பிழையாயின், நேர்மையான வெதுப்பகக்காரர் மீது வீண்பழி சுமத்தியவர்களாவோம்.

தராசைத் தெரிவு செய்யும்போது, அது தாங்கும் உச்ச நிறையையும் காட்டும் மிகச் சிறிய படியையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும். பொதுச் சமையலுக்கு 5 கிலோ தாங்கி, 1 கிராம் படியாகக் காட்டும் தராசு ஏற்றது. எனினும் சிறு நிறைகளுக்கு அது உதவாது. தேயிலையைச் சுவைத்துத் தரம் காண்பதற்குரிய சர்வதேச நியமம், 100 மில்லிலீற்றர் நீருக்கு 2 கிராம் தேயிலை என்பதாகும். அத்தராசு 2 என்று காட்டுகையில் உண்மை நிறை ஒன்றரை கிராமாகவோ இரண்டரை கிராமாகவோ இருக்கலாம். இத்தகைய தேவைக்கு 0.1 கிராம் படியுள்ள சிறு தராசே தகும். பாத்திரத்தை வைத்தபின் எண்ணைப் பூச்சியமாக்கும் பொத்தானும் இன்றியமையாதது. சாக்கின் நிறையைக் கழிப்பதும் இப்பொத்தான் செய்வதும் ஒரே கணக்குத்தான். உள்ளதை உள்ளபடி கழித்தால் இரண்டும் நீதியே.

இரு தட்டுத் தராசு பண்டத்தைப் படிக்கல்லோடு ஒப்பிடுகிறது. இலத்திரனியல் தராசோ, பாரத்தால் தன்னுள் இருக்கும் உலோகத் துண்டு வளைவதை அளந்து எண்ணாக்குகிறது. ஆகவே புவியீர்ப்பு மாறினால் அதன் எண்ணும் மாறும். ஈர்ப்பு பூமத்திய ரேகையை அண்டிய நாடுகளில் சற்றுக் குறைவு. பாரிஸ் நகரில் சீர்செய்த தராசை அப்படியே கண்டியில் வைத்தால், 1 கிலோவை ஏறத்தாழ 997 கிராம் என்றே காட்டும். எங்கே நிறுக்கிறோமோ அங்கேயே சோதித்தல் வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

சோதனை எளிது. மட்டமான, உறுதியான மேசையில், மின்விசிறிக்கும் அடுப்புக்கும் விலகித் தராசை வையுங்கள். பழக்கமான கடைக்காரரிடம் முத்திரையிட்ட 500 கிராம் படிக்கல்லைச் சற்று இரவல் பெறுங்கள். அதனைத் தட்டின் நடுவில் மும்முறை வைத்தெடுத்துப் பின்னர் நான்கு ஓரங்களிலும் வைத்துப் பாருங்கள். மாணவர்கள் பாடசாலை ஆய்வுகூடத்திலுள்ள 250 மில்லிலீற்றர் கனமானக் குடுவையைக் கொண்டும் சோதிக்கலாம். வெற்றுக் குடுவையை வைத்துப் பூச்சியமாக்கி, 25 பாகை வெப்பநிலையிலுள்ள நீரைக் குறிவரை நிரப்பினால் 249 கிராம் காட்ட வேண்டும்.

ஒவ்வொரு முறையும் வெவ்வேறு எண் வருமாயின், மின்கலத்தை மாற்றிப் பாருங்கள். பின்னரும் திருந்தாவிடில் தராசைக் கடையில் திருப்பிக் கொடுப்பதே நன்று. ஒரே அளவான பிழையெனில் அஞ்ச வேண்டியதில்லை. திருத்தும் வசதியிருந்தால், கைநூல் குறிப்பிடும் நிறையைக் கொண்டு திருத்தலாம். அன்றேல், 500 கிராமை 490 என்றும் 1 கிலோவை 980 என்றும் காட்டும் தராசில், 490 வரும்வரை இட்டால் 500 கிராம் கிடைத்துவிடும். எல்லாப் பொருளையும் அதே தராசில் நிறுத்தால் விகிதமும் கெடாது.

வீட்டில் செய்த பலகாரத்தை நிறுத்து விற்போர் மட்டும் இவ்வளவில் அமைதல் கூடாது. வியாபாரத் தராசுகள் 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின்படி சோதிக்கப்பட்டு முத்திரை பெறல் வேண்டும். பிறருக்கு நிறுத்துக் கொடுக்கும் கை, தனக்கு நிறுத்துக்கொள்ளும் கையைவிடக் கவனமாக இருத்தலே முறை. பிறர் தராசில் நாம் எதிர்பார்க்கும் நேர்மையை முதலில் நம் வீட்டுத் தராசில் நிலைநாட்டுவோமாக!