இரவு இரண்டு மணிக்கு யார் போனை எடுப்பார்?

அமெரிக்காவில் ஒரு பெருநகரத்துச் செல்லப்பிராணி மருத்துவமனை. நள்ளிரவு தாண்டியபின் ஒரு தம்பதி, கூடையில் ஆண் பூனை ஒன்றைச் சுமந்துகொண்டு ஓடிவருகிறார்கள். நேற்று முதல் மணல் தட்டில் போய்ப் போய் உட்காருகிறது, ஒரு சொட்டுகூட வரவில்லை. சாயங்காலம் வாந்தி எடுத்தது. இப்போது தலையைத் தூக்கவே மாட்டேன் என்கிறது.

டியூட்டியில் இருக்கும் இளம் மருத்துவர் அடிவயிற்றைத் தொட்டுப் பார்க்கிறார். சிறுநீர்ப்பை ஆரஞ்சுப் பழம்போல இறுகிக் கிடக்கிறது. படிகத் துகள்களும் சளியும் சேர்ந்து சிறுநீர் வழியை அடைத்துவிட்டன. வெளியேற வேண்டிய பொட்டாசியம் இரத்தத்தில் ஏறிக்கொண்டே போகிறது. ஆஸ்பத்திரிக்கு வரும் பூனையின் இதயம் பயத்திலேயே நிமிடத்துக்கு 180, 200 என்று அடிக்கும். இதற்கு 100கூட இல்லை. ஈசிஜி கோடு அகன்று, உருமாறி ஓடுகிறது. இதயத்தைக் காக்க கால்சியம் குளுக்கோனேட்டை மெல்ல ஏற்ற வேண்டும். பொட்டாசியத்தைக் குறைக்க இன்சுலினும் டெக்ஸ்ட்ரோஸும் தர வேண்டும். பிறகு மயக்க மருந்து கொடுத்து, நூல்போன்ற கதீட்டரை உள்ளே செலுத்தி அடைப்பை நீக்க வேண்டும். அவசரப்பட்டு அழுத்தினால் சிறுநீர்க் குழாய் கிழிந்துவிடும்.

அவர் பட்டம் வாங்கி ஆறு வாரம்தான் ஆகிறது. இதெல்லாம் அவருக்குப் பாடமாகத் தெரியும். ஆனால் பக்கத்தில் பேராசிரியர் நிற்காமல் அவர் கை இதைச் செய்ததில்லை. இப்போது அவர் ஒரு நம்பரை அழுத்தினால் மறுமுனையில் யாராவது எடுப்பார்களா? எடுப்பவர் பத்து நிமிடத்தில் வந்து நிற்பாரா, "நீயே பார்த்துக்கொள்" என்று வைத்துவிடுவாரா? ஓராண்டு இன்டர்ன்ஷிப் ஒன்றுக்கு மதிப்புப் போட வேண்டுமென்றால், இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நம் ஊரில் இன்டர்ன்ஷிப் என்றால் பட்டத்துக்கு முந்தைய கட்டம். சென்னை வேப்பேரியிலோ நாமக்கல்லிலோ கால்நடை மருத்துவம் படிப்பவர்கள் ஐந்தரை ஆண்டுப் படிப்பின் கடைசி ஓராண்டை இன்டர்னாகக் கழித்தாக வேண்டும். அதை முடிக்காமல் பட்டமும் இல்லை, பதிவும் இல்லை. அமெரிக்காவில் கதை வேறு. கல்லூரிப் படிப்பு முடித்து, நான்காண்டு கால்நடை மருத்துவம் படித்து, தேசிய உரிமத் தேர்வையும் எழுதி, மாநில உரிமமும் பெற்றவர் அன்றே முழு மருத்துவர். நாளைக்கே ஒரு கிளினிக்கில் சேர்ந்து ஊசி போடலாம், அறுவை செய்யலாம். இன்டர்ன்ஷிப் என்பது அதற்குப் பிறகு அவர் விரும்பி எடுத்துக்கொள்ளும் ஓராண்டு.

விருப்பம் என்று சொன்னாலும், ஒரு சாராருக்கு அது தாண்டியே தீர வேண்டிய வாசல். இதயநோய், நரம்பியல், அறுவை, புற்றுநோய் என்று ஏதாவது ஒரு துறையில் ஸ்பெஷலிஸ்ட் ஆக வேண்டுமானால் பெரும்பாலும் மூன்றாண்டு ரெசிடென்சி முடித்து, துறைத் தேர்வு எழுத வேண்டும். ரெசிடென்சிக்கு மனுப் போடும்போதே "சுழற்சி இன்டர்ன்ஷிப் முடித்தாயிற்றா?" என்று கேட்பார்கள். மருத்துவம், அறுவை, எமர்ஜென்சி, இன்னும் சில சிறப்புத் துறைகள் எனச் சில வாரங்களுக்கு ஒருமுறை இடம் மாறி வேலை பார்ப்பதால் அதற்கு அந்தப் பெயர்.

இந்த ஏற்பாடு புதிதல்ல. பாஸ்டனில் 1915-இல் திறக்கப்பட்ட ஏஞ்சல் விலங்கு மருத்துவமனை, நியூயார்க்கில் 1910-இல் ஏழைகளின் விலங்குகளுக்கான சிறு கிளினிக்காகத் தொடங்கி இன்று பல மாடிக் கட்டடத்தில் இயங்கும் அனிமல் மெடிக்கல் சென்டர் போன்ற இடங்கள் பல தலைமுறை இன்டர்ன்களை உருவாக்கியவை. ஒரு காலத்தில் இத்தகைய பெரிய மருத்துவமனைகளும் பல்கலைக்கழகங்களும்தான் இன்டர்ன்களை எடுத்தன. பிறகு தனியார் எமர்ஜென்சி, சிறப்பு மருத்துவமனைகள் நாடெங்கும் பெருகின. அவையும் இன்டர்ன்களைச் சேர்க்கத் தொடங்கியதும் இடங்கள் கூடின. தரத்தின் ஏற்றத்தாழ்வும் கூடவே வந்தது.

இடம் கிடைக்கும் முறையும் நமக்குப் பழக்கமில்லாதது. மனித மருத்துவத்தில் 1952 முதல் நடக்கும் 'மேட்ச்' முறையைப் போலவே கால்நடை மருத்துவத்திலும் ஒரு பொருத்தும் திட்டம் உண்டு. மாணவர்கள் தங்களுக்குப் பிடித்த இடங்களை வரிசைப்படுத்துவார்கள். மருத்துவமனைகள் தங்களுக்குப் பிடித்த மாணவர்களை வரிசைப்படுத்தும். இரண்டு பட்டியலையும் கணினி ஒப்பிட்டு ஜோடி சேர்க்கும். மார்ச் மாதத்தில் முடிவு வெளியாகும், கோடையில் வேலை தொடங்கும். வந்த முடிவு இரு தரப்பையும் கட்டும். பிடிக்கவில்லை என்று விலகினால் அடுத்த ஆண்டுகளில் இந்தத் திட்டத்தில் சேரவே தடை வரலாம். ஆகவே பட்டியலில் ஓர் இடத்தை எழுதுவதற்கு முன்பே அதை அலசிப் பார்த்தாக வேண்டும். எழுதியபின் யோசிக்க நேரமில்லை.

அலசிப் பார்க்க அரசு முத்திரையோ தரச் சான்றோ துணைக்கு வருமா என்றால், அதுவும் இல்லை. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் வழங்குகிறது. இன்டர்ன்ஷிப்புகளுக்கு அப்படி அங்கீகாரம் கிடையாது, வழிகாட்டுதல்கள் மட்டுமே. இன்டர்ன்ஷிப்பின் முதல் நோக்கம் கற்பித்தல், இன்டர்னை ஆள் பற்றாக்குறைக்கு ஈடாக வைக்கக் கூடாது என்பது அதன் சாரம். அதை மீறும் இடத்துக்குத் தண்டனை என்று எதுவும் இல்லை. வேலை நேரமும் அப்படித்தான். மனித மருத்துவத்தில் பயிற்சி மருத்துவர்களின் வேலைக்கு வாரத்துக்கு 80 மணி நேரம் என்ற வரம்பு 2003 முதல் நாடு முழுவதும் உண்டு. கால்நடை இன்டர்ன்களுக்கு அப்படிக் கட்டாய வரம்பு நாடு முழுவதும் இல்லை.

மாணவர் தானேதான் விசாரிக்க வேண்டும். எதை விசாரிப்பது?

முதலில், மேற்பார்வை. "எங்களிடம் பன்னிரண்டு ஸ்பெஷலிஸ்டுகள் இருக்கிறார்கள்" என்று அறிமுகக் குறிப்பில் இருக்கலாம். அவர்களில் எத்தனை பேர் வாரத்தில் ஐந்து நாளும் வருகிறார்கள், எத்தனை பேர் மாதத்துக்கு இரண்டு நாள் எட்டிப் பார்க்கிறார்கள் என்று கேட்க வேண்டும். இரவில் கட்டடத்துக்குள் மூத்த மருத்துவர் இருக்கிறாரா? முதல் மாதமே இன்டர்னைத் தனியாக நைட் டியூட்டியில் நிறுத்துகிறார்களா? ஓராண்டில் எத்தனை வாரம் எமர்ஜென்சி? பாதி ஆண்டுக்கு மேல் இரவு எமர்ஜென்சி என்றால், அங்கே மலிவாக ஒரு இரவு மருத்துவரைத் தேடுகிறார்கள் என்று சந்தேகப்பட இடமுண்டு.

இரண்டாவது, கை. வயிறு முறுக்கிக்கொண்டு வரும் கிரேட் டேன் நாயை எடுத்துக்கொள்வோம். இரைப்பை காற்றால் உப்பி, தன்னைத்தானே சுற்றிக்கொண்டு, இரத்த ஓட்டத்தை நெரிக்கும். மணிக்கணக்கில் உயிர் போய்விடும் நோய் இது. வலப்பக்கம் படுக்கவைத்து எக்ஸ்ரே எடுத்து, முறுக்கல்தான் என்று உறுதி செய்வது யார்? ஊசியால் காற்றை இறக்குவது யார்? முறுக்கை அவிழ்த்து, மறுபடி சுற்றாதபடி இரைப்பையை வயிற்றுச் சுவரோடு தைக்கும்போது இன்டர்ன் கையில் ஊசி இருக்குமா, அல்லது ஆண்டு முழுவதும் இடுக்கியைப் பிடித்துக்கொண்டு எதிரே நிற்பாரா? நோயாளியை முதலில் பார்த்து, என்ன நோய் என்று யோசித்து, திட்டம் சொல்லி, உரிமையாளரிடம் பேசி, வீட்டுக்கு அனுப்பும்வரை பொறுப்பேற்பதுதான் படிப்பு. ஸ்பெஷலிஸ்ட் சொன்னதை எழுதிக்கொண்டு பின்னால் நடப்பதில் அந்தப் படிப்பு பாதிதான் வரும்.

மூன்றாவது, உட்கார்ந்து பேசும் நேரம். காலை ரவுண்ட்ஸ் நிஜமாகவே நடக்கிறதா? வாராந்தர ஆய்விதழ்க் கூட்டம் உண்டா? இறந்துபோன நோயாளிகளைப் பற்றி, யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல், எங்கே தவறியது என்று பேசும் கூட்டம் உண்டா? நல்ல மருத்துவமனைகளில் இவை அட்டவணையில் மட்டும் இருப்பதில்லை. அந்த நேரத்தில் இன்டர்னுக்குப் பதிலாக வேறொருவர் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடும் இருக்கும்.

நான்காவது, முன்பு இருந்தவர்கள். கடந்த ஐந்து ஆண்டில் எத்தனை இன்டர்ன்கள் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு ரெசிடென்சி கிடைத்தது? நடுவில் விட்டுப் போனவர்கள் உண்டென்றால் ஏன் போனார்கள்? இதை மருத்துவமனை சொல்வதோடு நிறுத்திக்கொள்ளாமல், அங்கே முடித்து வெளியே போய்விட்டவர்களைக் கேட்பது நல்லது. இன்னும் உள்ளே இருப்பவருக்குப் பரிந்துரைக் கடிதம் வேண்டும், அவர் வாய்விட்டுப் பேசத் தயங்குவார். வெளியே போனவரிடம் ஒரே கேள்வி போதும்: "மறுபடி வாய்ப்பு வந்தால் அங்கேயே சேருவீர்களா?" பதிலுக்கு முன்னால் வரும் மௌனத்தின் நீளமே பல விஷயம் சொல்லும்.

பணக் கணக்கையும் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியாது. கடன் வாங்கிப் படித்த அமெரிக்கக் கால்நடைப் பட்டதாரிகளின் சராசரிக் கடன் ஒன்றரை லட்சம் டாலருக்கும் மேல். நேராக முழுநேர வேலைக்குப் போகிறவர்களின் சராசரித் தொடக்கச் சம்பளம் சமீப ஆண்டுகளில் 1 லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது. இன்டர்னுக்குக் கிடைப்பது பெரும்பாலும் அதில் பாதி, சில இடங்களில் அதற்கும் கீழே. ஓராண்டு இன்டர்ன்ஷிப் என்றால் ஐம்பதாயிரம் டாலருக்குக் குறையாத வருமானத்தை விட்டுக்கொடுத்து, ஓடிக்கொண்டிருக்கும் கடன் வட்டியையும் தாங்கிக்கொள்வது என்று பொருள். மருத்துவக் காப்பீடு, உரிமக் கட்டணம், விடுப்பு, வேலையை விட்டபின் அதே ஊரில் வேறிடத்தில் சேரத் தடை ஏதும் உண்டா என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் வரிவரியாகப் படிக்க வேண்டியவை.

பணத்தைவிடப் பெரிய செலவு உடம்பும் மனமும். பதினான்கு மணி நேர டியூட்டியின் முடிவில் ஒரு குடும்பத்திடம் "இனி செய்ய ஒன்றுமில்லை" என்று சொல்லி, அவர்கள் மடியில் வளர்ந்த நாய்க்குக் கடைசி ஊசி போட்டுவிட்டு, அடுத்த அறையில் தடுப்பூசிக்கு வந்த குட்டியைப் பார்த்துச் சிரிக்க வேண்டிய தொழில் இது. 1979 முதல் 2015 வரையிலான அமெரிக்க இறப்புப் பதிவுகளை ஆராய்ந்து 2019-இல் வெளியான ஆய்வு, கால்நடை மருத்துவர்களிடையே தற்கொலை விகிதம் பொதுமக்களைவிட ஆண்களில் சுமார் 2 மடங்கு, பெண்களில் 3.5 மடங்கு என்று காட்டியது. அதனால் "டியூட்டி முடிந்ததும் உண்மையில் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகிறீர்கள், அழுகை வந்தால் யாரிடம் போவீர்கள்?" என்று கேட்பதைப் பலவீனம் என்று யாரும் எண்ணத் தேவையில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டு முகம் சுளிக்கும் மருத்துவமனையைப் பட்டியலில் கீழே தள்ளலாம்.

அப்படியானால் எல்லோரும் இன்டர்ன்ஷிப் செய்ய வேண்டுமா? வேண்டாம். தடுப்பூசி, கருத்தடை, தோல் நோய், பல், முதுமை என்று ஒரு தெருவின் செல்லப்பிராணிகளைத் தலைமுறை தலைமுறையாகப் பார்க்கும் குடும்ப மருத்துவராக விரும்புகிறவருக்கு, பொறுமையாகக் கற்றுத்தரும் மூத்தவர் ஒருவர் இருக்கும் கிளினிக்கே போதும். முழுச் சம்பளத்தோடு அதே பாடம் கிடைக்கும். பிரிட்டனில் 2021 முதல் புதுப் பட்டதாரிகளுக்கென்று ஒரு வளர்ச்சித் திட்டமே நடக்கிறது. முதல் வேலையிலேயே பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் அவரோடு தொடர்ந்து உட்கார்ந்து, எதில் கை தேறியது, எதில் இன்னும் தடுமாற்றம் என்று பார்க்கிறார். ஸ்பெஷலிஸ்ட் ஆக வேண்டும், அல்லது எமர்ஜென்சியே தன் வாழ்க்கை என்ற தெளிவு இருப்பவருக்குத்தான் இந்த ஓராண்டுத் தியாகம் கணக்குக்கு வரும். "என்ன செய்வதென்று தெரியவில்லை, ஒரு வருஷம் இருந்து பார்ப்போம்" என்று சேர்வதற்கு இது விலை கூடிய வழி.

தமிழகத்திலிருந்து போகும் பட்டதாரிகளுக்கு இன்னும் ஒரு படி உண்டு. இந்தியக் கல்லூரிகள் அமெரிக்கச் சங்கத்தின் அங்கீகாரப் பட்டியலில் இல்லாததால், முழு உரிமம் வேண்டுமானால் வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான சமநிலைத் தேர்வுகளைத் தாண்ட வேண்டும். அதற்கு முன்பே சில பல்கலைக்கழக மருத்துவமனைகள் இன்டர்ன்களாகச் சேர்த்துக்கொள்கின்றன. எந்த விசா, எந்த வகை உரிமம், அந்த உரிமம் அந்த வளாகத்துக்குள் மட்டும் செல்லுமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் விமானம் ஏற வேண்டும்.

இவ்வளவையும் காகிதத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நேரில் பார்ப்பதற்கும் வழி இருக்கிறது. இறுதியாண்டு மாணவர்கள் சேர விரும்பும் மருத்துவமனையில் ஒன்றிரண்டு வாரம் பார்வையாளராகத் தங்குவது அங்கே வழக்கம். அந்த நாள்களில் ஓர் இரவாவது எமர்ஜென்சி வாசலில் நிற்க வேண்டும். பகலில் எல்லா மருத்துவமனையும் ஒழுங்காகத்தான் தெரியும்.

அந்தப் பூனையிடம் திரும்புவோம். நல்ல இடம் ஒன்றில் அந்த இரவு இப்படிப் போகும். இரண்டாவது ரிங்கிலேயே மூத்தவர் போனை எடுக்கிறார். "கால்சியம் ஏற்ற ஆரம்பி, ஈசிஜியிலிருந்து கண்ணை எடுக்காதே, வந்துவிட்டேன்" என்கிறார். வந்து நிற்கிறார். கதீட்டரைத் தன் கையில் வாங்கவில்லை. "மெதுவாகச் சுழற்று. மணல் நெருடுகிறதா? அங்கேயே நிறுத்தி உப்பு நீர் செலுத்து." மூன்றாவது முயற்சியில் ஏதோ இளகுகிறது. எஃகுக் கிண்ணத்தில் இரத்தம் கலந்த சிறுநீர் சடசடவென்று விழுகிறது. காலை ஏழு மணி ரவுண்ட்ஸில் இளம் மருத்துவர் பொட்டாசிய எண்களை வரிசையாகச் சொல்லி முடித்ததும், மூத்தவர் கேட்கிறார்: "இரண்டாவது இரத்தப் பரிசோதனையை ஏன் ஒரு மணி நேரம் தள்ளி எடுத்தாய்?" அவர் நோட்டைத் திறந்து எழுதிக்கொள்கிறார்.