நிலத்தையொட்டிய ஓஸோன் வாயுவும் செயற்கைக் கோள்களும்

பயிருக்குச் சேதம் விளைவிப்பவை பூச்சியும் பூஞ்சணமுமே என்று குடியானவர்கள் எண்ணுவது இயல்பு. கண்ணுக்குத் தெரியாத வாயு ஒன்றும் அவ்வாறே சேதம் செய்யும். வயலில் உழைப்போரின் மார்பையும் அது தாக்கும். அதுவே ஓஸோன்.

ஆகாயத்தில் ஏறக்குறைய 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்திலுள்ள ஓஸோன், சூரியனுடைய புற ஊதாக் கதிர்களைத் தடுத்து நம்மைக் காக்கின்றது. அதே வாயு நிலத்தையொட்டி உண்டாகுமாயின் தீங்கு பயக்கும். மோட்டார் வண்டிகளும் ஆலைகளும் வெளிவிடும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும், பெட்ரோல் முதலியவற்றின் ஆவிகளும் கலந்து, அவற்றின்மீது வெயில் படுங்கால் இஃது உண்டாகின்றது. குப்பையையும் கரும்புச் சோகையையும் எரிக்கும் புகை இதற்குத் துணை செய்கின்றது.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரைச் சுற்றிலும் 1940-களில் கீரை வகைகளின் இலைகள் கெட்டன. அங்கு மோட்டார்ப் புகையின்மீது வெயில் பட்டு ஓஸோன் உண்டாவதை, ஹாகன்-ஸ்மித் என்னும் ரசாயன சாஸ்திரி 1950-களின் தொடக்கத்தில் விளக்கினார். இவ்வாயு இலைத்துளைகளின் வழியே புகுந்து மகசூலைக் குறைக்கும். கோதுமையும் சோயா மொச்சையும் இதனால் மிகுதியும் பாதிக்கப்படுவன.

நகரத்தின் நடுவே புதிதாக எழும் புகை ஓஸோனை ஓரளவு அழித்துவிடும். ஆதலால், காற்று வீசும் திக்கிலுள்ள கிராமங்களிலேயே பல சமயங்களில் அது அதிகப்படும். அளக்கும் கருவிகளோ பெரும்பாலும் நகரங்களில் உள்ளன. இக்குறையை நீக்கச் செயற்கைக் கோள்கள் உதவுகின்றன.

ஐரோப்பியர் 2017-ல் அனுப்பிய கோளிலுள்ள டிரோபோமி என்னும் கருவி, தினம் ஒரு முறை உலகத்தைப் பார்வையிடுகின்றது. தென்கொரியா 2020-ல் அனுப்பிய ஜெம்ஸ் கருவி, ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிலைத்து, கிழக்காசியா முதல் இந்தியாவின் ஒரு பகுதி வரை பகற்பொழுதில் மணிக்கொரு முறை நோக்குகின்றது. பூமியினின்று திரும்பும் வெயிலில் எந்தெந்த நிறம் குறைந்துள்ளதோ, அதைக்கொண்டு வாயுக்களின் அளவு கணிக்கப்படும்.

இதில் ஒரு சங்கடமுண்டு. மேலேயுள்ள ஓஸோன் திரைபோல் நின்று கீழேயுள்ளதை மறைக்கின்றது. ஆகையால் ஓஸோனுக்கு மூலமான நைட்ரஜன் டை ஆக்ஸைடு, பார்மால்டிஹைடு ஆகியவற்றையும் அளந்து, தரையிலுள்ள கருவிகளின் அளவோடும் காற்று வெயில் நிலைமையோடும் ஒப்பிட்டே மதிப்பிடுகின்றனர். அம்மதிப்பு ஒரு வட்டாரத்துக்குப் பொருந்துமேயன்றி ஒவ்வொரு வயலுக்கும் பொருந்தாது.

ஓஸோன் மூச்சுக்குழாயைப் புண்படுத்தி இருமலை உண்டாக்கும், ஆஸ்துமாவை அதிகப்படுத்தும். 8 மணி நேரச் சராசரி, கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார ஸ்தாபனம் 2021-ல் வெளியிட்ட வரம்பு.

நண்பகல் முதல் பிற்பகல் வரை இது மிகுதலால், கடும் வெயில் நாட்களில் பளுவான வேலைகளைக் காலையிலேயே முடித்தல் நலம். முகத்தில் துணி கட்டுவதால் இவ்வாயு நிற்காது. சோகையையும் குப்பையையும் எரியாது எருக்குழியிலிட்டால் நிலத்துக்கு உரமும் கிடைக்கும். கிராம அதிகாரிகள் இதனை யாவருக்கும் எடுத்துரைப்பார்களாக.