காரசாரமான கார் விமர்சகர்
கிண்டலாக எழுதிய ஒரு பத்தி, உலகின் மிகப் பெரிய கார் நிறுவனத்தைக் கோபத்தில் கொந்தளிக்க வைத்தது

அடி விழுந்த இடம் லாஸ் ஏஞ்சலிஸ். வலித்த இடம் டெட்ராய்ட். 2005 ஏப்ரல் 6ஆம் தேதி லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் நாளிதழில் பான்டியாக் ஜி6 என்ற காரைப் பற்றி ஒரு விமர்சனம் வெளியானது. எழுதியவர் டான் நீல். கார் படுமோசம் என்று அவர் சொல்லவில்லை. சுமாரான கார், ஆனால் ஜெனரல் மோட்டார்ஸ் இருக்கும் நிலையில் சுமார் என்பது போதாது என்றார். அதோடு விட்டிருந்தால் பிரச்னை இல்லை. பேஸ்பால் அணி தொடர்ந்து தோற்றால் பயிற்சியாளரையும் நிர்வாகிகளையும் வீட்டுக்கு அனுப்புவதில்லையா? அதே கதி நிறுவனத் தலைவர் ரிக் வாகனருக்கும் வரவேண்டும் என்று போட்டுத் தாக்கினார்.

மறுநாளே பதிலடி. லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸுக்குத் தரும் விளம்பரங்களை நிறுத்துவதாக ஜெனரல் மோட்டார்ஸ் அறிவித்தது. பத்திரிகையில் தகவல் பிழைகளும் திரிபுகளும் இருக்கின்றன என்பது அது சொன்ன காரணம். இழப்பு கோடிக்கணக்கான ரூபாய். பத்திரிகை அசையவில்லை; நீலின் பத்தி தொடர்ந்து வந்தது.

இத்தனைக்கும் நீல் ஏதோ வாய்த்துடுக்குப் பேர்வழி அல்ல. அதற்கு முந்தைய ஆண்டுதான், 2004ல், விமர்சனத்துக்கான புலிட்சர் பரிசு அவருக்குக் கிடைத்தது. இசை, இலக்கியம், கட்டடக்கலை என்று எழுதுபவர்களுக்குப் போய்க்கொண்டிருந்த பரிசு, முதல்முறையாக கியர் பாக்ஸைப் பற்றி எழுதுபவருக்கு. பண்டிதர்கள் முகம் சுளித்திருக்கலாம். ஆனால் நீல் ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவர். இன்ஜினின் குதிரைசக்தியைச் சொல்லும் அதே மூச்சில், இந்தக் காரை வாங்குகிறவர் தன்னை யார் என்று நினைத்துக்கொள்கிறார் என்பதையும் சொல்லிவிடுவார். வாசகர்கள் விழுந்து படித்ததற்கு அதுதான் காரணம். காரே வாங்கப் போகாதவர்களும் படித்தார்கள்.

விளம்பரக்காரர்களோடு மோதுவது அவருக்குப் புதிதும் அல்ல. வட கரோலினாவின் ராலே நகரில் நியூஸ் அண்டு அப்சர்வர் பத்திரிகையில் அவர் கார் விமர்சனம் எழுதியது வரிவிளம்பரப் பிரிவுக்காக. ஃபோர்டு எக்ஸ்பெடிஷன் வண்டியின் பின்பகுதி எவ்வளவு விசாலம் என்பதை விளக்க, அங்கே தம்பதியர் செய்யக்கூடிய ஒரு காரியத்தைக் குறிப்பிட்டுத் தொலைத்தார். விமர்சனங்களை விளம்பரப் பிரிவு முன்கூட்டியே பார்க்கவேண்டும் என்ற நிபந்தனைக்கு அவர் மசியவில்லை. 1996ல் வேலை போயிற்று.

சிக்கலின் வேர் இங்கேதான். கார் கம்பெனிதான் விமர்சகருக்குப் புதுக் காரை ஒரு வாரம் ஓட்டக் கொடுக்கிறது. புதிய மாடலைப் பார்க்க விமான டிக்கெட்டும் ஓட்டல் அறையும் சில சமயம் அதன் செலவு. கார் பக்கத்தைத் தாங்கி நிற்பதோ டீலர்களின் விளம்பரம். சாப்பாடு போட்ட வீட்டில் சாம்பாரைக் குறை சொல்வது எளிதல்ல. அதனாலேயே பெரும்பாலான கார் விமர்சனங்கள் கல்யாண வாழ்த்து மடல் போல இருக்கின்றன. (அம்பாசடருக்கும் பத்மினிக்கும் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலத்தில் நமக்கு அதுகூடத் தேவைப்படவில்லை, கிடைத்ததே நல்ல கார்.)

ஜெனரல் மோட்டார்ஸ் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. திட்டுகிறவனுக்கே காசு கொடுக்க யாருக்குத்தான் மனம் வரும்? அது அதன் பணம். ஆனால் தண்டனை, எழுதியவரை விடப் பக்கத்து மேஜைக்காரர்களைத்தான் பயமுறுத்துகிறது. சின்ன ஊர்ப் பத்திரிகை என்றால் ஒரே வாரத்தில் பணிந்திருக்கும்.

ஜி6க்கு விளம்பரப் பஞ்சம் இருந்ததில்லை என்பது வேடிக்கை. 2004 செப்டம்பரில் ஓப்ரா வின்ஃப்ரே தன் டிவி நிகழ்ச்சிக்கு வந்திருந்த 276 பேருக்கும் ஆளுக்கொரு ஜி6 பரிசளிக்கச் செய்தார். அரங்கமே அழுது கூத்தாடியது. பிறகு வருமான வரி நோட்டீஸ் ஞாபகம் வந்தபோது சிலருக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

நான்கு மாதங்கள்தான் ரோஷம் நீடித்தது. 2005 ஆகஸ்டில் விளம்பரங்கள் திரும்பின. நீல் திருந்தவில்லை. 2007ல் டைம் பத்திரிகைக்காக உலகின் மோசமான 50 கார்களைப் பட்டியலிட்டபோது, அமெரிக்கர்கள் கும்பிடும் ஃபோர்டு மாடல் டியையே அதில் சேர்த்தார். ஊரையெல்லாம் காரில் ஏற்றிவிட்ட குற்றத்துக்காக. குசும்புதான், ஆனால் புகையில் மூச்சுத் திணறும் நகரவாசி உடனே மறுத்துவிட முடியாத குசும்பு. 2010ல் அவர் வால் ஸ்ட்ரீட் ஜர்னலுக்கு மாறினார்.

அதற்குள் டெட்ராய்ட்டில் நிறைய நடந்துவிட்டது. 2009 மார்ச்சில் ஒபாமா அரசு கேட்டுக்கொண்டதால் வாகனர் பதவி விலகினார். ஏப்ரலில், பான்டியாக் பிராண்டுக்கு மூடுவிழா என்ற அறிவிப்பு. ஜூன் 1ஆம் தேதி ஜெனரல் மோட்டார்ஸ் திவால் மனு கொடுத்தது. ஓய்வூதியச் சுமை, பெட்ரோல் விலை, நிதி நெருக்கடி என்று அதற்குக் காரணங்கள் பல. ஒரு பத்திரிகைப் பத்தி அந்தக் கணக்கில் வராது.