அடுக்கு சுவிட்ச்சுகளில் மறுதொடக்கமும் தலைமை மாற்றமும்

அடுக்கு சுவிட்ச் என்பது பல பிணைய சுவிட்ச்சுகளைச் சிறப்புக் கேபிள்களால் இணைத்து, ஒரே கருவியைப் போல இயக்கும் அமைப்பு ஆகும். அடுக்கு முழுவதற்கும் ஒரே ஐபி முகவரி, ஒரே அமைவுக் கோப்பு இருக்கும். சிஸ்கோ நிறுவனத்தின் கேட்டலிஸ்ட் 3750 வகையில் 9 சுவிட்ச்சுகள் வரை இவ்வாறு இணைக்கலாம். இக்கட்டுரை அவ்வகையை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

தலைமைத் தேர்வு

அடுக்கில் ஒரு சுவிட்ச் தலைமை வகிக்கும்; மற்றவை உறுப்புகள். மேலாண்மைப் பணிகள் தலைமை சுவிட்ச்சில் நடைபெறும். தலைமையைத் தீர்மானிக்கும் முக்கிய விதிகள், வரிசைப்படி:

1. ஏற்கெனவே தலைமையில் இருக்கும் சுவிட்ச்.
2. அதிக முன்னுரிமை எண் உடையது. இந்த எண் 1 முதல் 15 வரை இருக்கலாம், மாற்றாவிட்டால் 1.
3. மற்றவை சமமானால், மிகக் குறைந்த மேக் முகவரி உடையது.

முன்னுரிமை எண்ணை மாற்றினால் உடனே தலைமை மாறாது. அடுத்த தேர்வின்போதே அது கணக்கில் வரும்.

தலைமை செயலிழந்தால்

உறுப்பு சுவிட்ச்சுகளிடம் அமைவுக் கோப்பின் நகல் இருப்பதால், அவற்றுள் ஒன்று தலைமையை ஏற்கும். இடைப்பட்ட நேரத்தில் உறுப்புகள், முன்பு பெற்ற தகவலைக் கொண்டு தரவைத் தொடர்ந்து அனுப்பும். எனினும் நிர்வாகியின் டெல்நெட், கன்சோல் தொடர்புகள் துண்டிக்கப்படலாம்.

பழைய தலைமை சுவிட்ச் மீண்டும் இயங்கி வரும்போது, அதன் முன்னுரிமை எண் அதிகமாக இருந்தாலும், உறுப்பாகவே சேரும். வகுப்புத் தலைவர் விடுப்பில் சென்றபோது பொறுப்பேற்ற மாணவர், அவர் திரும்பிய பின்னும் பொறுப்பில் நீடிப்பதைப் போன்றது இது.

அடுக்கின் மேக் முகவரி தலைமை சுவிட்ச்சிலிருந்து பெறப்படுகிறது. எனவே தலைமை மாறும்போது முகவரியும் மாறி, அண்டைக் கருவிகள் அதைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கும். பழைய முகவரியைத் தக்கவைக்கும் வசதி உண்டு. இவ்வகையில் அதை நிர்வாகியே இயக்க வேண்டும்.

மறுதொடக்கத்தில் நேரும் பிழை

தலைமை சுவிட்ச்சில் 'ரீலோடு' என்று மட்டும் கட்டளையிட்டால், அந்த ஒரு சுவிட்ச் அன்றி அடுக்கு முழுவதும் மறுதொடக்கம் ஆகும். அதனுடன் இணைந்த எல்லாக் கணினிகளும் தொடர்பை இழக்கும். ஒரு சுவிட்ச்சை மட்டும் மறுதொடக்க, 'ரீலோடு ஸ்லாட்' என்பதுடன் அதன் உறுப்பு எண்ணையும் தர வேண்டும். அதற்கு முன் அமைவைச் சேமித்து, எந்த எண் எந்தச் சுவிட்ச், எது தலைமை என்று சரிபார்ப்பது அவசியம்.

தலைமை மாற்றம் மேலாண்மையை மட்டுமே காக்கும். மறுதொடக்கம் ஆகும் சுவிட்ச்சில் நேரடியாகச் செருகிய கணினிகளுக்கு, அது திரும்பும் வரை தொடர்பு இராது. வெளியிணைப்புகள் அனைத்தும் ஒரே சுவிட்ச்சில் இருந்தால், அது நிற்கும்போது முழு அடுக்கும் வெளித்தொடர்பை இழக்கும். ஆகவே அவற்றை இரண்டு சுவிட்ச்சுகளிலாவது பகிர்ந்து அமைக்க வேண்டும்.

அடுக்கு பிளவுபடுதல்

கேபிள்கள் வளையமாக இணைக்கப்பட்டிருந்தால், ஒன்று அறுந்தாலும் அடுக்கு உடையாது. கேபிள்வழித் திறன் பாதியாகும். இரண்டு இடங்களில் அறுந்தால் அடுக்கு இரண்டாகப் பிரியும். தலைமை இல்லாத பகுதி தனக்கொரு தலைமையைத் தேர்ந்துகொள்ளும். இரண்டு பகுதிகளும் ஒரே அமைவைக் கொண்டிருப்பதால், ஒரே ஐபி முகவரி இரண்டு இடங்களில் தோன்றிக் குழப்பம் விளையும். அப்போது புதிதாகப் பிரிந்த பகுதியின் மின்சாரத்தை நிறுத்தி, கேபிளைச் சரிசெய்த பின் மீண்டும் இயக்க வேண்டும்.

புதிய சுவிட்ச்சைச் சேர்க்கும்போதும் இதே கவனம் தேவை. இயங்கும் நிலையில் இணைத்தால் இரண்டு தலைமைகள் எதிர்ப்பட்டு மறுதேர்வு நடக்கும். தோற்ற தலைமையும் அதன் உறுப்புகளும் மறுதொடக்கம் ஆகும். எனவே புதிய சுவிட்ச்சை அணைத்த நிலையிலேயே கேபிளால் இணைத்து, பின்னரே மின்சாரம் தர வேண்டும்.