நின்ற வீட்டிற்குப் புதுக் கடைக்கால்

எளிய எந்திரங்கள் பாடத்தில் வரும் திருகு ஜாக்கியை நாம் யாரும் பெரிதாக மதிப்பதில்லை. 2024 மே மாதம் எங்கள் வீடு 80 ஜாக்கிகளின் மேல் நின்றதைக் கண்ட பிறகுதான் நான் அதை மதிக்கத் தொடங்கினேன்.

எங்கள் வீடு சென்னையின் தென்புறத்தில் ஒரு தாழ்வான பகுதியில் இருக்கிறது. அப்பா மூட்டை தூக்கிச் சேர்த்த பணத்தில் கட்டியது. அன்று வாசலில் மூன்று படிகள். பழைய தாரின் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்தது. நாங்கள் வீட்டிற்குள் இறங்க வேண்டியதாயிற்று. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சன்னல் வரை தண்ணீர். இடித்துக் கட்ட வசதியில்லை. தூக்கிவிடலாம் என்று மேஸ்திரி சொன்னபோது, "தூக்கி வைக்க அது என்ன பெட்டியா?" என்று அம்மா கேட்டார். ஆனாலும் தம் நகைகளை அடகு வைக்கக் கொடுத்தவரும் அவரே.

இது புதுமையன்று. அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1860-இல் ஒரு தெருவின் கட்டட வரிசையையே சுமார் 6,000 திருகு ஜாக்கிகளால் 4 அடி 8 அங்குலம் உயர்த்தினார்கள்.

எங்கள் மண் களிமண். மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். பழைய கடைக்காலோ குறுகலானது. வடக்குச் சுவரில் விரிசல் இருந்தது. எனவே முதலில் சுவருக்கடியில் நாலடி நீளம் மட்டும் தோண்டி, அகலமான கான்கிரீட் படுகை போட்டார்கள். அது இறுகும்வரை அடுத்த நாலடியைத் தொடவில்லை. தள்ளிப்போய் வேறிடத்தில் தோண்டினார்கள். அழுத்தம் என்பது எடையைப் பரப்பால் வகுத்தது அல்லவா? பரப்பு கூடினால் மண்ணின் மேலுள்ள அழுத்தம் குறையும்.

பிறகு சுவரை இடையிடையே உடைத்து ஜாக்கிகளைச் செருகி, மேலே இரும்புச் சேனல் வைத்தார்கள். வீட்டின் எடை 65 டன் இருக்கும் என்று கணக்கிட்டேன். ஒரு ஜாக்கிக்கு 800 கிலோவுக்குச் சற்று மேல். கைப்பிடி 50 செ.மீ.; ஒரு சுற்றில் கை செல்வது 314 செ.மீ., ஜாக்கி உயர்வது 1 செ.மீ. ஆக 314 மடங்கு லாபம் வரவேண்டும். அதில் பாதிக்கு மேல் உராய்வு விழுங்கிவிடும். தேர்வில் இதை 'இழப்பு' என்று எழுதி மதிப்பெண்ணும் பெற்றேன். ஆனால் அந்த உராய்வு இல்லாவிட்டால், கையை எடுத்தவுடன் வீடே திருகைச் சுழற்றிக்கொண்டு இறங்கிவிடும். பயனுறுதிறன் 50 சதவீதத்திற்குக் குறைந்த திருகுதான் விட்ட இடத்தில் நிற்கும்!

மேஸ்திரி விசில் ஊதினால் எல்லா ஜாக்கிக்கும் கால் சுற்று, அதாவது இரண்டரை மில்லிமீட்டர். செங்கல் சுவர் அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. ஒரு மூலை பின்தங்கினாலும் பிளந்துவிடும். தண்ணீர் நிரப்பிய டியூபைப் பிடித்து மட்டம் பார்த்தபடியே இருந்தார்கள். நானும் விரிசல்களின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டுகளை ஒட்டிவைத்தேன். நான்காம் நாள் சமையலறை மூலையில் ஒன்று உடைந்தது. அங்கே ஒரு ஜாக்கியின் அடிக்கட்டை நசுங்கியிருந்தது. வேலையை நிறுத்தி, கட்டையை மாற்றி, மறுநாள்தான் தொடர்ந்தார்கள். அன்றிரவு எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

மூன்றடி உயர்ந்ததும் ஜாக்கிகளுக்கு இடையில் செங்கல் கட்டினார்கள். அது இறுகிய பின், ஒன்று விட்டு ஒன்றாக ஜாக்கிகளை எடுத்து அந்த இடங்களையும் அடைத்தார்கள். மேல் இடுக்கில் ஈரம் குறைந்த கலவையைக் குத்தித் திணிப்பது முக்கியம். தளர்ந்த கலவை காயும்போது சுருங்கி இடைவெளி விடும். மண் சாந்தில் எழுப்பிய பழஞ்சுவருக்கு இம்முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அக்டோபர் மழையில் தெருவில் தேங்கிய நீர் இரண்டாம் படியோடு நின்றது. வடக்குச் சுவரின் கண்ணாடித் துண்டை நான் இன்னும் எடுக்கவில்லை.